இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு மோட்டார்

என் கணவர் ஒரு எஞ்சினியர். எந்தக் கல்லூரியும் அப்படிச் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டதுதான். அவருடைய தொழில் தறிக்கு டிசைன் அட்டை குத்துவது. புடவையில் எங்கே மாங்காய் வர வேண்டும், எங்கே மயில் வர வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையில் இருக்கும் ஓட்டைகள். ஓட்டை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் கீழே நிற்கும். ஒரு நாள் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது அவர் கையில் ஒரு பழைய வாரப் பத்திரிகை சிக்கியது. அதன் கேள்வி பதில் பக்கத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னோடியே தறியின் ஓட்டை அட்டைதான் என்று போட்டிருந்தார்கள். முடி வெட்டிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எஞ்சினியர்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில் மிக்ஸி பழுதானால் கடைக்குப் போகும். அதற்குப் பிறகு போகவில்லை. மிக்ஸி ஓடவும் இல்லை. கூடத்து மின்விசிறி மூன்றாம் எண்ணில் மெதுவாகவும் ஒன்றாம் எண்ணில் வேகமாகவும் சுற்ற ஆரம்பித்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு அதை விளக்கிச் சொல்வது என் வேலையாயிற்று. ஆனாலும் அவர் நல்ல மனுஷன். குடிப்பதில்லை, அதிர்ந்து பேசுவதில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாத நேரங்களில் அவரைப் போல ஒருவர் கிடைக்கமாட்டார்.

நான் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். இரண்டுக்கும் நடுவில் வேகவதி ஆறு என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது, அதன்மேல் ஒரு பாலம், மொத்தம் இரண்டரை கிலோமீட்டர். காலை எட்டரை மணிக்கு நான் போய் ஸ்டோர் ரூமைத் திறந்து, அரிசியையும் பருப்பையும் அளந்து கொடுத்தால்தான் சமையல்காரம்மா அடுப்பைப் பற்றவைக்க முடியும். சாவி என் இடுப்பில். நான் அரைமணி தாமதமானால் நூற்றுச்சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு அரைமணி தாமதமாகும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் அதில் பாதிப்பேர். அவர்கள் பன்னிரண்டு மணியிலிருந்தே தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வேலைக்கு நான் சைக்கிளில்தான் போனேன். கறுப்பு நிறம், பெண்கள் ஓட்டும்படி முன்கம்பி வளைந்தது. கம்பி பிரேக், ஸ்பிரிங் சீட்டு, முழுச் செயின் கவர், டைனமோ விளக்கு. புதிதாகக் கடையில் வாங்கும்போதே அது பழைய மாடல்தான். ஊரில் காலேஜ் பெண்கள் சிவப்பிலும் ஊதாவிலும் முன்னால் கூடை வைத்த வண்டியில் போய்க்கொண்டிருந்த காலத்தில், நான் மட்டும் தபால்காரரின் தங்கை மாதிரி போய்க்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் வலது முட்டி மடக்க முடியாமல் வீங்கிய பிறகுதான் குறை வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனிமேல் சைக்கிள் மிதிக்கக் கூடாது, நடப்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

டவுன் பஸ் வரும் நேரம் டவுன் பஸ்ஸுக்கே தெரியாது. ஷேர் ஆட்டோ பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடும். நான் ஏழு மணிக்கெல்லாம் புறப்பட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து போனேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை ஒன்பது மணியாகிவிட்டது. இரண்டு முறையும் தலைமை ஆசிரியை மெமோ கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. மூன்றாவது மெமோ தன் கையை விட்டு மேலே போய்விடும் என்றும், இந்த இடத்துக்கு ஏற்கெனவே நாலு பேர் சிபாரிசுக் கடிதத்தோடு நிற்கிறார்கள் என்றும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கணவரின் தொழிலில் கல்யாண மாதங்களில் மட்டும்தான் மூச்சுவிட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. மாதா மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான்.

இதை அன்று இரவு சாப்பாட்டில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கண்கள் எங்கோ போய்விட்டன. சைக்கிளுக்கு ஒரு மோட்டார் வைத்துவிட்டால் போகிறது என்றார். எனக்கு அப்போதே மிக்ஸி ஞாபகம் வந்தது.

கரண்டில் ஓடும் வண்டிகள் ஊருக்குள் தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. சீனாவிலிருந்து வந்த ஸ்கூட்டர்களை விற்க ஒருவர் கடை திறந்தார், வந்த வேகத்தில் மூடிவிட்டும் போனார். ஓடாமல் நின்ற வண்டிகள் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒன்றின் பின்சக்கரத்தைக் கணவர் கொண்டுவந்தார். சக்கரத்தின் நடுவில், பெரிய சப்பாத்திக் கல் அளவுக்கு மோட்டார். அதை அப்படியே என் சைக்கிளில் பொருத்த முடியாது, சக்கரம் சின்னது. மோட்டாரை மட்டும் பிரித்தெடுத்து, என் சைக்கிளின் பெரிய வளையத்தோடு கம்பிகளால் கட்ட வேண்டும். சைக்கிள் கடைக்காரர் நீளமான கம்பி இல்லை, குட்டையான கம்பி இல்லை என்று ஒரு மாதம் ஓட்டினார். கட்டி முடித்ததும் சக்கரம் கோணியது. கோட்டம் எடுக்க இன்னொரு மாதம்.

பேட்டரிக்கு ஒரு நண்பர் வந்து சேர்ந்தார். பட்டுக் கடைகளின் கம்ப்யூட்டர்களுக்கு யு.பி.எஸ். பழுது பார்ப்பவர். கடைக்காரர்கள் கழித்துப்போட்ட பேட்டரிகளில் உயிருள்ளதாக மூன்றைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் எங்களைப் போலத்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்கு மாறிவிடுவார். என் கணவரோடு வேலை செய்ததில் அவருடைய தெலுங்கு நன்றாக வளர்ந்தது.

ஆக மொத்தம் அமெரிக்காக்காரன் சந்திரனுக்குப் போவதற்குப் பேசிய அளவுக்கு என் வீட்டில் பேச்சு நடந்தது. நான் தினமும் ஏழு மணிக்கு அவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கூடம் முழுக்க ஒயர். எங்கே கால் வைக்கலாம் என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வழி சொல்வார்கள். சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால், இன்னும் ஒரு வாரம்தான் என்பார். அப்படி எத்தனை வாரம் போயிற்று என்று நான் எண்ணவில்லை. தெருக் குழாயடியில் என்னோடு தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எண்ணினார்கள். அங்கே நான் தினமும் அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு சேதி சொல்வேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் நன்றாகத்தான் சொல்வேன், அந்தத் திறமை எனக்கு உண்டு.

கடைசியில் ஒயரை இணைக்கும் கட்டம் வந்தது. மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயர் வரும், மஞ்சள், பச்சை, நீலம். மோட்டாரை இயக்கும் பெட்டியிலிருந்தும் அதே மூன்று வரும். மஞ்சளை மஞ்சளோடும், பச்சையைப் பச்சையோடும், நீலத்தை நீலத்தோடும் சேர்க்க வேண்டும். அதன் பக்கத்திலேயே மெல்லிய ஒயர்கள் கொஞ்சம், அவற்றுக்கும் இதே விதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பட்டுப்புடவை நிறம் தெரியாது.

என் கணவர் பச்சை ஒயர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பெட்டியின் ஒயர் புதுசு, கிளிப்பச்சை. மோட்டாரின் ஒயர் பழைய இரும்புக் கடையில் எண்ணெய் குடித்து இருண்டுபோய், ராமர் பச்சையாக இருந்தது. மோட்டாரின் நீலமோ வெயிலில் வெளுத்து, பச்சை ஓடி, மயில் கழுத்து மாதிரி ஆகியிருந்தது. இரண்டு பச்சைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். நண்பர் பச்சை பச்சைதான் என்றார். கிளிப்பச்சை உடம்புக்கு ராமர் பச்சை பார்டர் போட்டு ஒரு புடவை நெய்து கொடுத்தால் எந்தக் கடைக்காரனாவது வாங்குவானா என்று இவர் கேட்டார். இது புடவை இல்லை என்று நண்பர் சொன்னார், தெலுங்கில்.

எங்கள் ஊரில் நிறத்தில் தகராறு வந்தால் விளக்கு வெளிச்சத்தில் தீர்க்கமாட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் வழக்கம். சைக்கிளைத் தெருவில் இறக்கினார்கள். தறிக்குப் போகும் பாவு இழைகளைத் தெருவில் நீட்டிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து சாயம் போடுகிறவர் வந்தார், அவர் வந்தபோது கையில் மூன்று நூல் கட்டு, ஒப்பிட்டுப் பார்க்க. அத்தனை பேரும் குனிந்து ஒயரை விரலில் சுற்றிப் பார்த்தார்கள், வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகர்ந்தும் பார்த்தார். சாயக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"இத்த நீலம்னு எவன் சொன்னான்? தண்ணி கம்மியா உட்ட பச்சபா இது. அந்தக் கிளிப்பச்சைக்கு இதான் ஜோடி."

அவர் சொன்னால் அந்தத் தெருவில் மேல்முறையீடு கிடையாது. பெட்டியின் பச்சை மோட்டாரின் நீலத்தோடும், பெட்டியின் நீலம் மோட்டாரின் பச்சையோடும் சேர்ந்தன. மெல்லிய ஒயர்களையும் அதே கணக்கில் இணைத்தார்கள். நண்பர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டாண்டு போட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்கள். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. தெருவே கைதட்டியது. பெடல்களும் தானாகவே சுற்றின. அதை ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, இனாமாகக் கிடைத்த வசதி என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மெதுவாக முறுக்கு என்றார் கணவர். மெதுவாகத்தான் முறுக்கினேன்.

வண்டி பின்னால் போயிற்று.

நன்றாகத்தான் போயிற்று, குலுங்காமல், நேராக, நல்ல வேகத்தில். தெருவின் அந்த முனையில் பட்டுப் பாவு நீளமாக விரித்துக் கட்டியிருந்தார்கள், கழுத்தைத் திருப்பியபோது அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. முறுக்கிய கையை விட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. காலை ஊன்றினேன், வலது காலை. பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. நான் நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வைத்த எலுமிச்சம்பழம் இரண்டும் வைத்த இடத்தில் நசுங்காமல் இருந்தன. பாவுக்காரர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம், அவர் முதலில் இழைகளைத்தான் தடவிப் பார்த்தார்.

தடித்த ஒயரை மட்டும் தவறாகச் சேர்த்திருந்தால் மோட்டார் திணறி நின்றிருக்கும், மெல்லியதையும் அதே மாதிரி ஒழுங்காகத் தவறாகச் சேர்த்ததால்தான் வண்டி அவ்வளவு ஒழுங்காகப் பின்னால் ஓடியது, பெடல் தானாகச் சுற்றியதும் அதனால்தான் என்று நண்பர் விளக்கினார். பிறகு பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் அவரே சேர்த்தார். என் கணவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அந்த மேட்சிங்கை அவரால் பார்க்கச் சகிக்கவில்லையாம். இன்றுவரை அவர் கட்சி, நிறத்தில் நம்மிடம் தவறில்லை, ஒயருக்குச் சாயம் போட்டவன்தான் தவறு செய்துவிட்டான் என்பது.

மூன்று நாள் படுத்திருந்தேன், தலைமை ஆசிரியையிடம் சொல்லி லீவு. நான்காம் நாள் எழுந்து வந்து பார்த்தால் வண்டி என்னுடையது போல இல்லை. வண்டி சும்மா நிற்கிறதே என்று, நான் படுத்திருந்த மூன்று நாளில் அவர் அதற்குப் பெயிண்ட் அடித்திருந்தார். உடம்பு அரக்கு. செயின் கவரின் இரண்டு ஓரத்திலும் கிளிப்பச்சையில் கோபுர பார்டர். மட்கார்டு முழுக்கத் தங்க நிறத்தில் மாங்காய் புட்டா. கேரியருக்குக் கீழே பேட்டரிப் பெட்டி, அதன்மேல் இரண்டு அன்னப்பறவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அட்டையில் போடும் டிசைன் மாதிரி கட்டம் கட்டமாக எண்ணிப் போட்டது. கறுப்பாகவே இருக்கட்டும் என்று நான் முதலிலேயே கேட்டுக்கொண்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. கறுப்பு முகூர்த்தத்துக்கு ஆகாது என்றார். முகூர்த்தப் புடவையை உடுத்திக்கொண்டு தினமும் நான் பருப்பு அளக்கப் போக வேண்டும், அதுதான் அதன் அர்த்தம்.

ஆனால் வண்டி ஓடியது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முறுக்கினால் முன்னால் போனது, விட்டால் நின்றது. பாலத்து ஏற்றத்தில் கொஞ்சம் முனகும், ஏறிவிடும். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு காலையும் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு போவேன். காற்று முகத்தில் அடிக்கும். ஏழு மணிக்குப் புறப்பட்டவள் எட்டு மணிக்குப் புறப்பட்டேன். எட்டேகாலுக்கு ஸ்டோர் ரூம் திறந்திருக்கும். அரசாங்கம் தினம் இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்த காலம், எந்த இரண்டு மணி என்று சொல்லமாட்டார்கள். அப்படியும் வண்டி ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. அவர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது போல அதற்குக் கரண்ட் கொடுத்தார். முட்டி வீக்கம் வற்றியது. அந்த நாற்பது நாளும் நான் ராணி மாதிரி இருந்தேன். குழாயடியில் மட்டும் அன்னப்பறவையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராம் நாளோ என்னவோ, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் சத்துணவுக்கு மேலதிகாரி. மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. தலைமை ஆசிரியை பிறகு என்னிடம் அதைக் காட்டினார். சத்துணவு அமைப்பாளர் கரண்ட் வண்டியில் வருகிறார், வண்டி முழுக்கத் தங்கத்தில் வேலைப்பாடு, பிள்ளைகளின் முட்டை எங்கே போகிறது என்று விசாரிக்கவும். கையெழுத்து நன்றாக இருந்தது. சிபாரிசோடு நின்ற அந்த நாலு பேரில் யாரோ நன்றாகப் படித்தவர்.

அதிகாரி ஸ்டோர் ரூமில் ஒரு மணி நேரம் இருந்தார். அரிசியை நிறுத்துப் பார்த்தார், பருப்பை நிறுத்துப் பார்த்தார், முட்டையைத் தானே எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததில் அவருக்கு வருத்தம். பிறகு வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதை வாங்குகிற அளவுக்கு என் சம்பளம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கவில்லை, வீட்டுக்காரர் செய்தது என்றேன். அப்படியானால் அவரைக் கூப்பிடு, வந்து சொல்லட்டும், அதன் பேரில்தான் என் வேலை இருப்பதா போவதா என்று எழுத முடியும் என்றார்.

தலைமை ஆசிரியை போன் போட்டுச் சொன்னதில் என் கணவருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. அதிகாரி ஒருவர் வண்டியைப் பார்க்க விரும்புகிறார் என்கிற பாதி. இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் பேனா, நெற்றியில் புது விபூதி, இவ்வளவோடு வந்து இறங்கினார். பாராட்டுப் பத்திரம் வாங்க வந்தவர் மாதிரி முகத்தில் ஒரு புன்சிரிப்பு வேறு. நான் கண்ணைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கேட்கக் கேட்க அவர் சொன்னார். கேட்காததையும் சொன்னார். மோட்டாரின் சக்தி, கம்பிகளைக் கட்டிய விதம், பேட்டரிப் பெட்டியில் காற்று போக வைத்த துளைகள், ஒரு புட்டாவுக்கு எத்தனை கட்டம் என்பது வரை. அவருக்கு ஒரு வருஷமாக இப்படிக் கேட்க ஆளில்லை. அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு, விலைக்குப் போனால் இது என்ன பெறும் என்று கேட்டார்.

"வெளிநாட்டுல இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கணும்னா லட்ச ரூபா ஆவும் சார்" என்றார் என் கணவர்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். தலைமை ஆசிரியை இருமினார். சமையல்காரம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அப்போதுதான் என் கணவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு காகிதத்தைப் பார்த்தார். அதில் லட்சம் என்கிற சொல்லை அதிகாரி முடிக்கப் போகிற நேரம். அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது, அது முகத்தில் ஒவ்வொரு படியாக இறங்கியதை நான் பார்த்தேன்.

"சார், அத்த எழுதாதீங்க" என்றார். "நான் சும்மா பெருமைக்குச் சொல்லிக்கினேன். இது குப்ப சார்."

அதிகாரி நிமிர்ந்தார். இவர் வண்டியின் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாகக் கைவைத்துச் சொன்னார். மோட்டார் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பேட்டரி கடைக்காரன் தூக்கிப் போட்டது. பெட்டி, சாமான் வந்த பலகை. சக்கரத்தில் இன்னும் கோட்டம் இருக்கிறது. தங்கம் இல்லை, பெயிண்ட் கடையில் கோயில் வாகனத்துக்கு வாங்குகிற தூள். தான் எஞ்சினியரும் இல்லை, அட்டை குத்துகிறவன், ஒரு தடவை பின்னால் ஓட்டிப் பெண்டாட்டியைக் கீழே தள்ளினவன். குரல் உயரவே இல்லை. அவர் பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை, அத்தனையும் நான் குழாயடியில் சொல்லிச் சிரித்ததுதான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாயை யாராவது பொத்தினால் தேவலை என்று இருந்தது.

அதிகாரி முன்னால் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கழிவுப் பொருள்களால் ஆனது, மதிப்பு ஏதும் இல்லை, புகாரில் உண்மை இல்லை. கணவர் கையெழுத்துப் போட்டார். புகார் அத்தோடு முடிந்தது, என் வேலை தப்பியது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, வண்டியை இன்னொரு சுற்று வந்தார்.

"குப்பதானப்பா? எம் பையன் பாலிடெக்னிக்ல கடைசி வருசம். ப்ராஜெக்ட்டுக்கு இது மாதிரி ஒண்ணு தேடிக்கினு இருக்கறான். பாத்துட்டு அனுப்பறேன்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? மதிப்பு ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட மை இன்னும் காயவில்லை. ஜீப்புக்குள் வண்டி நுழையவில்லை, மேலே ஏற்றினார்கள். என் கணவர்தான் கயிறு கட்டினார், அவர் கட்டினால்தான் சரியாக இருக்கும். கயிறு உரசுகிற இடத்தில், அன்னப்பறவைக்கு மேலே, தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்தார். துண்டும் ஜீப்போடு போயிற்று.

பார்த்துவிட்டு அனுப்பவில்லை. அந்தப் பையனுக்குக் கல்லூரியில் முதல் பரிசு கிடைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம், கண்காட்சியில் வண்டியைப் பெரிய மேஜைமேல் ஏற்றி வைத்திருந்தார்களாம். நண்பர் அன்று பேசிய தெலுங்கை நான் எழுத முடியாது. கணவர், பரிசு யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஜீப் போன மறுநாள் காலையைப் பற்றி. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு ஏழு மணிக்கே நடக்க ஆரம்பித்தேன். தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் மணிச் சத்தம். அவர் தன்னுடைய சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார். ஏறு என்றார். எங்கள் தெருவில் கல்யாணமான புதுசில்தான் பெண்டாட்டியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பதினெட்டு வருஷம் கழித்து ஒருவன் ஏற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் அர்த்தம், வழியில் நாலு பேர் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். அதற்கு அஞ்சித்தானோ என்னவோ, இரண்டரை கிலோமீட்டரைக் கடக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாக இந்த வழி தோன்றவே இல்லை. ஏறி உட்கார்ந்தேன். மூன்று பேர் கேட்டார்கள்.

பாலத்து ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. இறங்கிக்கொள்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, சட்டை நனைந்த முதுகுதான் தெரிந்தது. முதுகு சொல்வது போல இருந்தது.

"குப்பன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

ஒரு வருஷமாக நான் அவரைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசியிருக்கிறேன், நன்றாகப் பேசுகிறேன் என்று பெயர்கூட வாங்கியிருக்கிறேன். நாற்பது நாள் அந்த வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு போய் வந்தவள், ஒரு நாள் சாயங்காலமாவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தப் பாலத்தின்மேல்தான் உறைத்தது. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

"அது நல்லா ஓடுச்சுங்க" என்றேன். "முட்டி ஒரு நாளுகூட வலிக்கல."

அவர் மிதித்துக்கொண்டே போனார். பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். சமையல்காரம்மா சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தபா சொல்லு" என்றார்.

சமையல்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் இன்னொரு தடவை சொன்னேன்.